பட்ஜெட் விமானமா, முழுச்சேவை விமானமா? டிக்கெட் எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி இதுதான்: ஒரே ஊருக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள் கிளம்புகின்றன. பட்ஜெட் நிறுவனத்தின் கட்டணம் 100 என்றால் முழுச்சேவை நிறுவனத்தின் கட்டணம் 135. அந்தக் கூடுதல் 35-ஐக் கொடுக்கலாமா, வேண்டாமா?

முதலில் நேரடியான பதில். மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம், இடையில் விமானம் மாற வேண்டியதில்லை, முதுகுப்பை மட்டும்தான், அதே தடத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து விமானங்கள் ஓடுகின்றன என்றால் பட்ஜெட் விமானத்தையே எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். வழியில் விமானம் மாற வேண்டும், செக்-இன் பெட்டி உண்டு, அல்லது மறுநாள் காலை தவறவே கூடாத வேலை இருக்கிறது என்றால் 135 கொடுப்பதே பெரும்பாலும் லாபம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

கணக்கில் இறங்குமுன் ஒரு விஷயம். முழுச்சேவை என்ற பெயரைப் பார்த்துப் பெட்டி, சாப்பாடு, இருக்கை எல்லாம் அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலம் போய்விட்டது. பெரிய நிறுவனங்களும் 'லைட்', 'பேசிக்', 'சேவர்' என்று ஏதாவது ஒரு பெயரில் அடிமட்டக் கட்டணம் ஒன்றை வைத்திருக்கின்றன. பல நிறுவனங்களில் அதில் செக்-இன் பெட்டி கிடையாது, இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடியாது, ரத்து செய்தால் வரி தவிர வேறு எதுவும் திரும்பாது. தேடல் தளத்தில் முதலில் கண்ணில் படும் 135 பெரும்பாலும் இந்த லைட் கட்டணமாகவே இருக்கும். பல ஆண்டுகள் இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றிச்சென்று அதையே விளம்பரமாக வைத்திருந்த அமெரிக்காவின் சௌத்வெஸ்ட் நிறுவனம்கூட 2025 மே 28 முதல் எடுக்கப்படும் பெரும்பாலான டிக்கெட்டுகளில் பெட்டிக்குக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே நிறுவனத்தின் பெயரை நிறுவனத்தின் பெயரோடு ஒப்பிடுவதில் பயனில்லை. இந்தக் கட்டண வகையில் என்ன அடக்கம், அந்தக் கட்டண வகையில் என்ன அடக்கம் என்று பாருங்கள்.

கூட்டிப் பார்த்தால்

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் தடத்துக்கான எண்களை நீங்களே இட்டுக்கொள்ளலாம்.

தனியாகப் போகிறவர், 20 கிலோ பெட்டி ஒன்று. பட்ஜெட்டில் அடிப்படைக் கட்டணம் 100, முன்கூட்டியே வாங்கும் பெட்டி 30, மேல்தட்டில் வைக்கும் கைப்பெட்டிக்கு 15, இருக்கைக்கு 8, கார்டு கட்டணம் 3. ஆக 156. எதிர்த்தரப்பில் 23 கிலோ பெட்டி, கைப்பெட்டி, இருக்கை, சாப்பாடு, குறைந்த கட்டணத்தில் தேதி மாற்றும் வசதி எல்லாம் சேர்ந்த 'ஸ்டாண்டர்ட்' டிக்கெட் 160. வித்தியாசம் வெறும் 4. இந்த நிலையில் பட்ஜெட் டிக்கெட் எடுப்பதற்குக் காரணமே இல்லை.

அதே தடத்தில் முதுகுப்பையோடு மட்டும் போகிறவருக்கு 103-க்கு எதிரே 135. இங்கே பட்ஜெட்தான்.

பலர் தவறவிடும் கணக்கு குடும்பத்துடையது. நான்கு பேர் போகிறார்கள், ஆனால் சாமான் இரண்டு பெட்டியில் அடங்கிவிடும். பட்ஜெட்டில் 103 வீதம் 412, இரண்டு பெட்டிக்கு 60, நான்கு இருக்கைக்கு 32; மொத்தம் 504. முழுச்சேவையில் ஸ்டாண்டர்ட் எடுத்தால் 640. அதில் நான்கு பெட்டிக்கான பணம் அடங்கியிருக்கிறது, இரண்டை நீங்கள் பயன்படுத்தவே போவதில்லை. லைட் எடுத்து, பெட்டிக்கு 40 வீதம் இரண்டு வாங்கினாலும் 620. 'குடும்பத்தோடு போனால் நல்ல ஏர்லைன்ஸில் போ' என்று சொல்வார்கள்; நேரடி விமானத்தில் பல சமயம் கணக்கு அதற்கு நேர்மாறாக வரும். ஒரே கவனம்: சிறு குழந்தைகள் இருந்தால் இருக்கைக்கான அந்த 32-ஐ மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். இருக்கை வாங்காவிட்டால் பட்ஜெட் நிறுவனங்கள் பலவற்றில் நால்வரும் நான்கு வரிசையில் சிதறுவது வெகு சாதாரணம். சில நிறுவனங்கள் குழந்தையையும் உடன் வரும் பெரியவர் ஒருவரையும் மட்டும் கட்டணமின்றிச் சேர்த்து அமர்த்துகின்றன. அந்த விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏழு கிலோ என்றால் எவ்வளவு

பட்ஜெட் பயணத்தில் பணம் அதிகமாகக் கைவிட்டுப் போகும் இடம் பெட்டிதான். ஆகவே இதை நுணுக்கமாகப் பார்க்கலாம்.

கைப்பெட்டிக்கு 7 கிலோ வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த கெட்டியான பெட்டி வெறுமனே 2.8 கிலோ இருக்கும். மடிக்கணினியும் சார்ஜரும் 2 கிலோ. மிச்சம் 2.2. ஒரு ஜீன்ஸ் 0.7, ஒரு ஜோடி காலணி 0.9. இப்போது மிச்சம் 0.6 கிலோ, இரண்டு சட்டைகளோடு அது முடிந்தது. அதே சாமானை 900 கிராம் எடையுள்ள துணி முதுகுப்பையில் வைத்தால் கிட்டத்தட்ட 2 கிலோ உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். பட்ஜெட் விமானத்தில் அடிக்கடி போகிறவர்கள் சக்கரப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வருவதற்கு இதுதான் காரணம். ஜீன்ஸையும் காலணியையும் உடலில் போட்டுக்கொண்டு வருவதும் அவர்களுக்குத் தெரிந்த வித்தை.

அளவு இன்னொரு சிக்கல். ஐரோப்பியப் பட்ஜெட் நிறுவனங்களில் ரயன்ஏரின் இலவசப் பை 40×30×20 செ.மீ., ஈஸிஜெட்டுடையது 45×36×20 செ.மீ. இரண்டுமே முன்னிருக்கையின் அடியில் போக வேண்டிய பைகள். மேல்தட்டில் வைக்கும் 55×40×20 பெட்டிக்குத் தனிக் கட்டணம். ஒன்றில் செல்லும் பை இன்னொன்றில் செல்லாமல் போகலாம். போகும்போது ஒரு நிறுவனம், வரும்போது இன்னொன்று என்றால் சிறிய அளவுக்கே பை எடுங்கள். அளக்கும்போது சக்கரம், கைப்பிடி, புடைத்த வெளிப்பை எல்லாம் சேர்த்துத்தான் அளப்பார்கள். பெட்டி விற்பவர்கள் ஒட்டிய 'கேபின் சைஸ்' சீட்டு எதற்கும் உத்தரவாதம் இல்லை. வீட்டில் டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

செக்-இன் பெட்டி வாங்குவதாக இருந்தால் விலை மூன்று படியாக ஏறும்: டிக்கெட் எடுக்கும்போதே வாங்கினால் குறைவு, பிறகு இணையதளத்தில் சேர்த்தால் அதைவிட அதிகம், கவுன்டரில் அதைவிட அதிகம். விமானத்தில் ஏறும் வாசலில் பிடிபட்டால் எல்லாவற்றையும்விட அதிகம். அதுபோலவே 15 கிலோ வாங்கிவிட்டு 19 கிலோவோடு போய் நின்றால், கூடுதல் நான்கு கிலோவுக்கும் கிலோ கணக்கில் வாங்குவார்கள். 20 கிலோவாக முதலிலேயே எடுத்திருந்தால் அதில் சிறு பங்குதான் ஆகியிருக்கும். ஒரே பிஎன்ஆரில் (டிக்கெட் பதிவு எண்ணில்) உள்ளவர்கள் எடையைப் பொதுவாக்கிக்கொள்ளப் பல நிறுவனங்கள் விடுகின்றன. ஆனால் எந்தப் பெட்டியும் தனியாக 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அது பெட்டி தூக்கும் பணியாளர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு. பணம் கொடுத்தாலும் தளராது.

மேல்தட்டு நிரம்பிவிட்டது என்று வாசலில் கைப்பெட்டியை வாங்கிக் கீழே அனுப்பினால், கொடுக்குமுன் பவர் பேங்க், உதிரி லித்தியம் மின்கலங்கள், மருந்து, பாஸ்போர்ட், மடிக்கணினி ஆகியவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். பவர் பேங்க் சரக்கறைக்குள் போகவே கூடாது. 100 வாட்-அவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரை, அனுமதி கேட்காமல் கையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மடித்து வைக்கும் சிறிய துணிப்பை ஒன்று கைவசம் இருந்தால் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

பணம் கட்டும் பக்கம் வரை

பட்ஜெட் நிறுவனத்தின் தளம் உங்களை ஏழெட்டுத் திரைகளைத் தாண்டித்தான் பணம் கட்ட விடும். முதல் திரையில் மூன்று கட்டணத் தொகுப்புகள். நடுவில் உள்ளது 'பலர் விரும்புவது' என்று பளிச்சென்று இருக்கும், குறைந்தது ஓரமாக ஒதுங்கியிருக்கும். அடுத்து இருக்கை வரைபடம். 'தவிர்' என்ற சொல் சிறிய எழுத்தில் எங்கேயாவது கீழே இருக்கும். பிறகு முன்னுரிமை ஏறுதல், காப்பீடு, வாடகைக் கார், விடுதி. கடைசியில் நாணயம். உங்கள் கார்டு எந்த நாணயத்தில் இருக்கிறதோ அதிலேயே மாற்றிக் காட்டுகிறோம் என்று தளம் உதவிக்கு வரும். அந்த மாற்று விகிதத்தில் அவர்களுடைய பங்கும் சேர்ந்திருக்கும். விமான நிறுவனத்தின் நாணயத்திலேயே கட்டினால் உங்கள் வங்கியின் விகிதம் பொருந்தும். அது பெரும்பாலும் குறைவாகவே வரும். உங்கள் கார்டின் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணத்தை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் எழுதும் இடத்தில் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். முழுச்சேவை நிறுவனங்களில் ஓரிரு எழுத்துப் பிழையைத் தொலைபேசியிலேயே திருத்தித்தர வாய்ப்பு உண்டு. பட்ஜெட் நிறுவனங்களில் குறிப்பிட்ட நேரம் கடந்தால் சிறிய திருத்தத்துக்கும் கட்டணம், சில சமயம் டிக்கெட் விலைக்கு நிகராகவே. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், குடும்பப்பெயர் கட்டத்தில் என்ன இட வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டே நிரப்ப வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.

செக்-இன்னும் அப்படித்தான். பட்ஜெட்டில் இணையத்தில் செக்-இன் செய்வது உங்கள் பொறுப்பு. செய்யாமல் கவுன்டருக்குப் போனால் அபராதம் கட்ட வேண்டிய நிறுவனங்கள் உண்டு. ரயன்ஏர் 2025 நவம்பர் 12 முதல் அச்சிட்ட போர்டிங் பாஸை நிறுத்திவிட்டுச் செயலிக்கு மாறிவிட்டது. ஏற்கெனவே செக்-இன் செய்தவரின் கைபேசி அணைந்துபோனால் விமான நிலையத்தில் இலவசமாக உதவுவார்கள். செக்-இன்னே செய்யாமல் வருபவருக்குத்தான் கட்டணம். டிக்கெட் எடுத்த அன்றே, செக்-இன் திறக்கும் நேரத்துக்குக் கைபேசியில் ஒரு நினைவூட்டல் வைத்துவிட்டால் இந்தச் செலவு வராது.

விமானம் மாற வேண்டியிருந்தால்

இரண்டு வகை நிறுவனங்களுக்கும் இடையே பணத்தைவிடப் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சாப்பாடு, தலையணையெல்லாம் இதற்கு அப்புறம்.

பட்ஜெட் நிறுவனங்களில் பெரும்பாலானவை 'ஏ' ஊரிலிருந்து 'பி' ஊருக்கு ஒரு பயணத்தை விற்கின்றன. அங்கிருந்து 'சி' ஊருக்கு இன்னொரு டிக்கெட் எடுத்தால் அது தனி ஒப்பந்தம், அதே நிறுவனமாக இருந்தாலும்கூட. முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராமல் போனவர். புது டிக்கெட்டை அன்றைய விலைக்கு வாங்க வேண்டியதுதான். முழுச்சேவை நிறுவனத்தில் மூன்று ஊர்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், இணைப்பைத் தவறவிட்டவரை அடுத்த விமானத்தில் ஏற்றி இறுதி ஊருக்குக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பாடு. பெட்டியும் நேராக இறுதி ஊருக்கே போகும்.

தனித்தனி டிக்கெட்டில் பெட்டி எப்படி நகரும் என்று யோசித்துப் பாருங்கள். 'பி' ஊரில் இறங்கி, குடிவரவு தாண்டி, பெட்டிக்காகக் காத்திருந்து, சுங்கம் தாண்டி வெளியே வந்து, மறுபடி புறப்பாட்டு மண்டபத்துக்குப் போய், கவுன்டர் மூடுமுன் பெட்டியைக் கொடுத்து, பாதுகாப்புச் சோதனை தாண்டி ஏற வேண்டும். கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 40 முதல் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஆகவே உங்கள் கையில் மூன்று மணி நேர இடைவெளி இருப்பதாகத் தோன்றினாலும் நிஜத்தில் இருப்பது இரண்டுதான். அதோடு, குடிவரவைத் தாண்ட அந்த நாட்டின் விசா தேவைப்படலாம். ஒரே டிக்கெட்டில் விமானம் மாறுகிறவர் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்துவிடுவார், அவருக்கு அந்த விசா தேவைப்படாமல் போகலாம். விசா இல்லாதவரை முதல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள், டிக்கெட் பணமும் போய்விடும். தேடல் தளங்களில் இரு வேறு நிறுவனங்களைக் கோத்து மலிவாகக் காட்டும் பயணத்தில் 'சுயமாக மாறுதல்' என்ற குறிப்பு இருந்தால், மேலே சொன்ன அத்தனையும் உங்கள் தலையில்தான். அப்படித்தான் போக வேண்டும் என்றால் குறைந்தது ஐந்தாறு மணி நேர இடைவெளி விடுங்கள். இரண்டாவது விமானம் அன்றைய கடைசி விமானமாக இருக்கவே கூடாது.

விதிவிலக்கு உண்டு. பெரிய நிறுவனங்களின் துணை நிறுவனமாக இருக்கும் பட்ஜெட் விமானங்கள் சில தாய் நிறுவனத்தோடு ஒரே டிக்கெட்டில் விற்கப்படுகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும், குவாண்டஸும் ஜெட்ஸ்டாரும் அப்படி. அப்படி வாங்கினால் இணைப்புக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் 'இயக்குபவர்' என்ற வரியைப் படியுங்கள்: பெரிய நிறுவனத்தின் பெயரில் பணம் கட்டிவிட்டு, ஒரு பகுதியைப் பட்ஜெட் இருக்கையில் கழிக்க வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பட்ஜெட் கை ஓங்கியிருக்கிறது. முழுச்சேவை நிறுவனங்களின் போக-வர டிக்கெட்டில் போகும் பயணத்தைத் தவறவிட்டால் திரும்பும் பயணமும் தானாக ரத்தாகிவிடும். பட்ஜெட் நிறுவனங்கள் ஒவ்வொரு திசையையும் தனியாக விலையிட்டு விற்பதால் பெரும்பாலும் அந்தச் சிக்கல் வருவதில்லை. ஒருவழிப் பயணத்துக்கும், ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்புவதற்கும் அவர்களே வசதி.

தாமதமும் ரத்தும்

பட்ஜெட் நிறுவனத்தின் லாபம், விமானம் தரையில் நிற்காமல் இருப்பதில் இருக்கிறது. இறங்கி, ஆள் இறக்கி, ஆள் ஏற்றி, 25 - 30 நிமிடத்தில் மறுபடி கிளம்பிவிட வேண்டும். ஒரே விமானம் ஒரு நாளில் ஆறேழு தடவைகூடப் பறக்கும். காலையில் விழுந்த 40 நிமிடத் தாமதத்தை ஈடுகட்ட நடுவில் இடைவெளி இல்லாததால், அது மாலைக்குள் இரண்டு மணி நேரமாகப் பெருகலாம். பட்ஜெட்டில் போவதென்றால் நாளின் முதல் விமானத்தைப் பிடியுங்கள் என்பது இதனால்தான்; அந்த விமானம் பெரும்பாலும் இரவே வந்து நின்றிருக்கும். ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைப் போட்டால் கடந்த ஏழு நாட்களில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று இலவசமாகப் பார்க்கலாம். ஏழில் நான்கு நாள் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்றால் எட்டாவது நாள் மட்டும் திருந்திவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரத்தானால் என்ன நடக்கும் என்பது அடுத்த விமானம் எப்போது என்பதைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு ஐந்து விமானம் என்றால் சில மணி நேரம். வாரத்துக்கு மூன்று என்றால் இரண்டு மூன்று நாள். முழுச்சேவை நிறுவனங்களுக்கு மற்ற நிறுவனங்களோடு டிக்கெட்டை மாற்றி ஏற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் உண்டு. தங்களிடம் இடம் இல்லாவிட்டால் வேறு நிறுவனத்தில் அனுப்ப முடியும். பட்ஜெட் நிறுவனங்களில் பலவற்றுக்கு அது இல்லை. 2022 டிசம்பர் குளிர்காலப் புயலில் சௌத்வெஸ்ட் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மற்ற அமெரிக்க நிறுவனங்கள் சில நாட்களில் மீண்டுவிட்டன. சௌத்வெஸ்டில் விமானிகளையும் பணியாளர்களையும் மறு ஒதுக்கீடு செய்யும் அமைப்பே திணறியதால் குழப்பம் அதற்குப் பிறகும் பல நாட்கள் நீண்டது. அதற்காக அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023 டிசம்பரில் 14 கோடி டாலர் அபராதம் விதித்தது.

சட்டம் தரும் உரிமையில் பட்ஜெட், முழுச்சேவை என்ற பேதம் கிடையாது. டிக்கெட் மலிவு என்பதற்காக இழப்பீடு குறையாது. இதைத் தெரியாமல்தான் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வரும் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்துக்கும் 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் ஒழுங்குமுறை பொருந்தும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, கதவு திறந்த நேரம்; 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. புயல், வான்கட்டுப்பாட்டு வேலைநிறுத்தம் போன்றவற்றில் பணம் கிடைக்காது. வழக்கமான இயந்திரக் கோளாறை அந்தப் பட்டியலில் சேர்த்துத் தப்பிக்க முடியாது என்று 2008-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. பணம் இல்லாத சூழலிலும் சாப்பாடு, தங்குமிடம், மாற்றுப் பயணம் அல்லது கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமை அப்படியே நிற்கும். அவர்கள் விடுதி தராமல் நீங்களே எடுத்துக்கொண்டால் ரசீதை வைத்திருங்கள்.

இங்கேயும் ஒரே டிக்கெட்டின் மதிப்பு தெரியும். இணைப்புப் பயணம் ஒரே பதிவில் இருந்தால், தாமதத்தை இறுதி ஊரில்தான் அளப்பார்கள்: முதல் விமானம் 50 நிமிடம் மட்டும் தாமதமாகி, இணைப்பு தவறி, இறுதியில் ஆறு மணி நேரம் பிந்திச் சேர்ந்தாலும் இழப்பீடு உண்டு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்த 50 நிமிடம்தான் கணக்கு, கையில் ஒன்றும் வராது.

பன்னாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் அல்லது உடைந்தால் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் வரை நிறுவனம் பொறுப்பு. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. உடைந்த பெட்டிக்கு, கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் பெட்டிப் பிரிவு கவுன்டரில் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வெளியே வந்தால், பெட்டி விமானத்தில்தான் உடைந்தது என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையதாகிவிடும்.

இருக்கை, இடம், நேரம்

இருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் இடையிலான தூரம் பட்ஜெட்டில் பொதுவாக 28 - 30 அங்குலம், முழுச்சேவையில் 30 - 32. பின்னால் சாயாத மெல்லிய இருக்கை என்பதால் 29 அங்குலம்கூடச் சிலருக்குத் தாங்கும். ஆனால் 180 செ.மீ. உயரத்துக்கு மேல் உள்ளவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் முழங்கால் முட்ட உட்காருவது தொல்லை. அவசர வழி வரிசையை விலைக்கு வாங்கினால் அது தீரும், அந்த விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெறும் குடுவையைச் சோதனை தாண்டியபின் நிரப்பிக்கொள்ளுங்கள்.

விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் கட்டாயம் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட் பெயரைத் தாங்கிய ஹான் விமான நிலையம் அந்த நகரிலிருந்து சுமார் 120 கி.மீ. தள்ளி இருக்கிறது; பாரிஸுக்கு என்று விற்கப்படும் போவே சுமார் 85 கி.மீ. தூரம். பேருந்துக் கட்டணமும் ஒன்றரை மணி நேரமும் டிக்கெட் விலையில் சேர்ந்தவை. காலை ஐந்தரை மணி விமானம் மலிவாக இருக்கும். அந்நேரத்துக்குப் பொதுப் போக்குவரத்து உண்டா, இல்லாவிட்டால் டாக்ஸிக்கு என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நீண்ட தூரத்தில் பட்ஜெட் மாதிரி பலவீனமாகிறது. பத்து மணி நேரம் பறக்கும் விமானத்தில் 30 நிமிடத்தில் திரும்பக் கிளம்புவதால் மிச்சமாவது சொற்பம். எரிபொருள் செலவு எல்லோருக்கும் ஒன்றே. நார்வேயின் பட்ஜெட் நிறுவனமான நார்வேஜியன் 2021 ஜனவரியில் நீண்ட தூரச் சேவையை விட்டது, ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2019 மார்ச்சில் மொத்தமாகவே மூடியது. அதனால் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் பெட்டி, சாப்பாடு, போர்வை எல்லாம் சேர்த்தால் விலை வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாமல் கணிசமாக மிஞ்சினால் தாராளமாக எடுக்கலாம்.

'மலிவு என்றால் பராமரிப்பும் மலிவாக இருக்குமோ' என்ற பயம் வேண்டாம். ஒரே நாட்டில் பதிவான இரு வகை நிறுவனங்களுக்கும் ஒரே ஒழுங்குமுறை அமைப்பு, ஒரே பராமரிப்பு விதி, விமானிகளுக்கு ஒரே பணிநேர வரம்பு. பார்க்க வேண்டியது அந்த நாட்டின் கண்காணிப்பு எப்படி என்பதை. ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியில் தடைசெய்த நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது, அதில் தேடிப் பார்க்கலாம்.

நிறுவனம் திவாலாகும் அபாயம் வேறு. அது ஒரு தரப்புக்கு மட்டும் உரியதில்லை: இந்தியாவில் 2019 ஏப்ரலில் நின்ற ஜெட் ஏர்வேஸ் முழுச்சேவை நிறுவனம், 2023 மேயில் நின்ற கோ ஃபர்ஸ்ட் பட்ஜெட் நிறுவனம். பல மாதங்கள் முன்பே டிக்கெட் எடுப்பதாக இருந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்காத பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கோரும் வழி அதில் இருக்கிறது. நிறுவனத்தின் வாலட்டில் கிடக்கும் கிரெடிட் நோட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எங்கே வாங்குவது

தேடுவதற்குத் தேடல் தளம், வாங்குவதற்கு நிறுவனத்தின் சொந்தத் தளம். பட்ஜெட் டிக்கெட்டுக்கு இது இன்னும் முக்கியம். இடைத்தளம் வாங்கித் தரும்போது பதிவில் அவர்களுடைய மின்னஞ்சலே போய்விட்டால், நேர மாற்ற அறிவிப்பு உங்களுக்கு வராது. சில நிறுவனங்களில், இப்படி வாங்கியவர் ஆள் சரிபார்ப்பு முடிக்காமல் செக்-இன்னே செய்ய முடியாது. ரீஃபண்டும் முதலில் இடைத்தளத்துக்குத்தான் போகும். அவர்கள் தளத்தில் சேர்த்த பெட்டி நிறுவனத்தின் பதிவில் ஏறியிருக்கிறதா என்பதைப் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு அன்றே பாருங்கள், கவுன்டரில் நின்று கண்டுபிடிப்பதற்குப் பதிலாக.

அமெரிக்காவிலிருந்து அல்லது அமெரிக்காவுக்குப் போகும் பயணத்தை நிறுவனத்திடம் நேரடியாக, புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ முன்பே வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்ய அல்லது பணம் கட்டாமல் அந்த விலையை 24 மணி நேரம் பிடித்துவைக்க விட வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. பட்ஜெட் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். வேறு பல நாடுகளில், பயணமே போகாமல் விட்டாலும், நீங்கள் கட்டிய விமான நிலைய வரிகளைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கென்று செயலாக்கக் கட்டணம் வைத்திருப்பார்கள். வரித் தொகை அதைவிட அதிகம் என்றால் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.